கிணற்றடியில் முளைத்தவை

எங்கள் வீட்டில் கை நீட்டாமல் ஒரு காரியமும் நடந்தது கிடையாது. ஐயா பூவரசங்கம்பால் அடிப்பார். அண்ணை கையில் அகப்பட்டதால் அடிப்பான். அம்மாவுக்கு அகப்பைக் காம்பு. எனக்குப் பல் இருந்தது, கடிப்பேன். அக்கா ஒருத்திதான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருப்பவள். ஐயாவின் அடியைவிட அவளுடைய அந்த ஊமைத்தனம்தான் எனக்கு எரிச்சலைத் தரும். "ஒருக்காலெண்டாலும் திருப்பிக் குடுவனடி" என்று அவளைக் கிள்ளியிருக்கிறேன். கிள்ளினாலும் சும்மாதான் இருப்பாள்.

இது இரண்டாம் யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய காலம். தெல்லிப்பழைக்கு மேற்கே செம்மண் தரை, புகையிலைத் தோட்டம், வீட்டு வளவுக்குள் ஒரு துலாக்கிணறு. நான் பெரியபிள்ளையாகி, பள்ளிக்கூடத்தை மறித்து என்னை வீட்டோடு இருத்தியிருந்தார்கள். அக்காவுக்குப் பண்டத்தரிப்பில் சம்பந்தம் பேசி முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை மலாயாவில் கிளாக்கர். தை பிறந்ததும் கப்பலில் வருவார், வந்த கையோடு தாலிகட்டு. இந்தச் சம்பந்தம் குழம்பினால் கிணற்றுக்குள்தான் என்று ஐயா நாளும் பொழுதும் சொல்லிக்கொண்டிருப்பார். தான் குதிப்பாரா, அக்காவைத் தள்ளுவாரா என்று மட்டும் சொல்லமாட்டார்.

வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் எங்களுக்குத் தூரத்து உறவு. அந்த வீட்டுப் பெடியன் முறைக்கு மச்சான். எல்லை வேலி அடைத்தபோது கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டது என்று ஐயாவும் அவனுடைய தகப்பனும் மண்வெட்டி ஓங்கினார்கள். அதிலிருந்து ஆண்கள் ஆளையாள் முகம் பார்ப்பதில்லை. பெண்களுக்கு அந்த ரோசமெல்லாம் கட்டுபடியாகாது. அடுப்புக்கு நெருப்பு வேண்டும், அவசரத்துக்கு உப்பு வேண்டும், பிள்ளைப்பேறு என்றால் ஆள் வேண்டும். ஆகவே கிணற்றடி மூலையில், வேலி ஓலையை விலக்கிக் குனிந்து போய்வர ஒரு பொட்டு இருந்தது. ஐயா அதைக் கண்டும் காணாதவர் போல இருந்தார்.

ஐப்பசி மழை விழுந்த பிறகு அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில், அக்கா பாத்திரம் கழுவுகிற கல்லை ஒட்டி, ஒருவரும் விதைக்காத கன்றுகள் முளைத்தன. கத்தரிப் பாத்தியில் களை முளைப்பது வேறு. இவை கொத்தாக, நெருக்கமாக, தண்டு விறைத்து, இலை தடித்துப் பளபளவென்று நின்றன. மரத்துக் கன்றுகள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. எந்த மரம் என்பதுதான் தெரியவில்லை.

அம்மா இலுப்பை என்றாள். கொஞ்சம் வளரவிட்டுப் பிடுங்கி வளவு மூலையில் நட்டால் விளக்குக்கு எண்ணெய் ஆகும் என்று கணக்கும் போட்டாள். ஐயா மகிழமரம் என்றார். "மகிழெண்டால் ஒரு மணம் வேண்டாமோ?" என்று அம்மா கேட்டாள். "கண்டு மணக்குமோடி, விசரி!" என்று ஐயா கையிலிருந்த செம்பை எறிந்தார். செம்பு கிணற்றுக்கட்டில் பட்டு நெளிந்தது. நான் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தேன். பால் கசிந்தது. கடித்துப் பார்த்தேன், நாக்கு இழுபட்டுக் கயர்த்தது. "நஞ்செண்டால் செத்துப்போவாயடி மூதேசி" என்று அம்மா முதுகில் ஒன்று போட்டாள். "செத்தால் என்ன கண்டெண்டு தெரியும்தானே" என்றேன். அதற்கு இன்னொன்று விழுந்தது.

அண்ணை தோட்டத்தால் வந்தான். அவன் ஆடி மாதம் வன்னிக்குப் போய், உழவுக்கும் எரு இழுக்கவும் ஒரு நாம்பன் மாடு வாங்கி, காட்டுப் பாதையால் நடத்திக்கொண்டு வந்தவன். அதனால் காட்டு மரமெல்லாம் தனக்குத்தான் தெரியும் என்று ஒரு மிதப்பு அவனுக்கு. குந்தியிருந்து கத்தி நுனியால் மண்ணைக் கிண்டி ஒரு கன்றை வேரோடு எடுத்தான். வேரும் தண்டும் சேருகிற இடத்தில் பிளந்த கொட்டை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மண்ணைத் துடைக்க, பழுப்பு நிறத்தில் மினுங்கியது.

"பாலை" என்றான். சொல்லிவிட்டு எழும்பவில்லை. பொட்டைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், பிறகு ஐயாவைப் பார்த்தான். ஐயாவின் முகம் கறுத்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் வளவுக்குள் பாலைப்பழம் வரக்கூடாது. முந்திய வருடம் பாலைப்பழம் தின்ற மறுகிழமை ஐயாவுக்கு வன்னிக் காய்ச்சல் வந்து, நடுங்கி, பிதற்றி, பாடை கட்டுகிற நிலைக்குப் போய்த் திரும்பினார். பழம்தான் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று அவர் முடிவு. "இனி ஆரும் அதை வாயிலை வைச்சால் வாயைக் கிழிப்பன்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் கிழிப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அடுத்த பழக்காலம் முழுக்க ஒரு பழம்கூட நாங்கள் தொடவில்லை.

பழம் வராத வளவுக்குள் கொட்டை மட்டும் எப்படி வரும்? வேலிக்கு அப்பால் இருந்த மச்சான் தோட்டத்தில் எருவாகத் தாழ்க்கிற குழைக்கும் விறகுக்கும் வண்டில் கட்டி வன்னிக்குப் போய்வருகிறவன். பாலைப்பழக் காலத்தில் ஓலைப்பெட்டி நிறையக் கொண்டுவந்து ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு அள்ளிக்கொடுப்பான். அந்தப் பழத்தில் பால் அதிகம், தின்றால் உதடு ஒட்டும். அவன் வந்திறங்கிய அன்று ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளும் வாயைத் துடைத்துக்கொண்டு திரியும். இப்போது கணக்குப் பார்க்க எவருக்கும் கஷ்டமில்லை. அவன் பொட்டுக்குள்ளால் கை நீட்டியிருக்கிறான். அக்கா கல்லில் இருந்து தின்று அங்கேயே துப்பியிருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, கொட்டை குவியுமளவுக்கு.

"ஆர் தந்தது?" என்று ஐயா அக்காவைக் கேட்டார்.

"என்னத்தை ஐயா?"

"பழத்தை."

"எந்தப் பழத்தை?"

ஐயா அவளுடைய தலைமயிரைக் கையில் சுற்றிக் குசினிச் சுவரில் மோதினார். கம்பு முறிந்தது, வேறு முறித்துக்கொண்டு வந்தார். அவள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்க, காப்புகள் நொறுங்கிக் கையில் ஏறின. "சொல்லித் துலையடி, சொன்னால் விடுவர்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல என்ன இருக்கிறது? "எனக்குத் தெரியாது ஐயா" என்று மட்டும் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் குரலை உயர்த்தாததே குற்றத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஐயாவின் கையைப் பிடித்துக் கடித்தேன். இரத்தம் வாயில் உப்பாக வந்தது, விடவில்லை. அவர் உதறிய உதறலில் அம்மியில் போய் விழுந்தேன். புருவத்தில் அந்த வெட்டு இன்னும் இருக்கிறது. அதைத் தடவும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கடித்திருக்கலாம் என்று நினைப்பேன்.

அண்ணை அதற்குள் வேலியில் ஒரு கிளுவங்கதியாலை ஆட்டிப் பிடுங்கியிருந்தான். ஐயா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அடி. ஆனால் ஏனெண்டு உன்ரை வாயாலை வரக்கூடாது. இவளின்ரை பேர் வெளிக்கிட்டால் பண்டத்தரிப்புக்குப் பொழுதுபட முதல் போயிடும்."

நான் பொட்டால் பார்த்தேன். மச்சான் வண்டிலில் இருந்து குழைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். முதுகு இந்தப் பக்கம். முதலாவது அடி தோளில் விழுந்தது. திரும்பிப் பார்த்தவன் எங்கள் அண்ணை என்று கண்டு திகைத்துப்போனான். "என்னடா? என்னத்துக்கடா?" என்றான். அடுத்த அடி முதுகில் விழுந்தது. "என்னத்துக்கெண்டு சொல்லிப்போட்டு அடியடா!" என்று அவன் கத்தினான். அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் இல்லாமல், களத்தில் சூடு மிதிக்க மாடு விட்ட மாதிரி சுற்றிச்சுற்றி அடித்தான். மச்சான் வண்டில் சில்லுக்குக் கீழே புகப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே அந்த அடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவன் கேட்டது சொல்லாக இல்லை, அலறலாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவனுடைய தகப்பன் கத்தியோடு எங்கள் படலையை உதைத்துக்கொண்டு வந்தார். கிணற்றடி வாழைகளைக் குலையும் குட்டியுமாக வெட்டிச் சரித்தார். ஐயா மண்வெட்டியைத் தூக்கினார். அம்மா அடுப்பில் கொதித்த கஞ்சியைச் சட்டியோடு கொண்டுவந்து அந்த மனிதரின் மார்பில் ஊற்றினாள். அவர் துடித்துக்கொண்டு ஓடினார். ஊர் அதிகாரி விதானையார் வந்து விசாரித்தார். "வேலிச் சண்டை" என்று அண்ணை சொன்னான். ஊருக்கு அது போதும். வேலிக்காகக் கால் முறிவது எங்கள் பகுதியில் புதினம் அல்ல.

ஐயா கன்றுகளை வேரோடு பிடுங்கி, கொத்தி, அடுப்பில் போட்டார். பொட்டை இலந்தைமுள் வைத்து அடைத்தார். அதோடு விஷயம் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

எங்கே முடிந்தது? பரியாரியார் வந்து எண்ணெய் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கால் பொருந்தியது, நேராகப் பொருந்தவில்லை. மச்சானை அவர்கள் முற்றத்து மரவாங்கில் கால் நீட்டி இருத்துவார்கள். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவன் ஒரே கேள்வியைக் கேட்பான். "நான் என்ன செய்தனான்? உங்களுக்கு ஆருக்கும் தெரியுமோ?" வேலிக்கான கோபம் என்றால் தன்னுடைய தகப்பனை அல்லவா அடித்திருக்கவேண்டும் என்பான். சிலவேளை பார்க்க ஒருவரும் வராதபோதும் கேட்பான். ஓலை வேலி குரலை மறிக்காது. கல்லில் இருந்து பாத்திரம் கழுவுகிற அக்காவுக்கு அது நேரே வந்து விழும். அவள் சாம்பலைப் போட்டு ஒரே சட்டியை மினுக்கிக்கொண்டே இருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிடுவாள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் எலும்பும் தோலும் என்று சொல்லுவார்கள் என அம்மா அதற்கும் ஏசினாள்.

மார்கழியில் புகையிலைத் தோட்டத்துக்கு எரு இழுக்க மாட்டுக்கொட்டிலின் பின்னால் இருந்த எருக்குவியலை வெட்டினார்கள். கடகம் பிடிக்க என்னைக் கூப்பிட்டான் அண்ணை. குவியலின் நிழல் பக்கம் போனேன். பச்சை. அதே விறைத்த தண்டு, அதே தடித்த இலை. ஒன்றைப் பிடுங்கினேன். மினுங்குகிற கொட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்று, இன்னொன்று. கையால் எருவைக் கிளற, முளைக்காத கொட்டைகள் விரலில் தட்டுப்பட்டன.

அக்கா எருக்குவியலில் ஏறி இருந்து பழம் தின்றாளா? பிறகுதான் நாம்பன் நினைவுக்கு வந்தது. வந்த புதிதில் எங்கள் பழைய மாடு அதைக் கொட்டிலுக்குள் அண்டவிடாமல் குத்தியது. பழகும்வரைக்கும் அதைக் கிணற்றடி மூலையில், அந்தப் பொட்டுக்குப் பக்கத்துப் பூவரசில்தான் கட்டியிருந்தோம். வன்னிக் காட்டால் நடந்து வந்த வழியெல்லாம் உதிர்ந்த பாலைப்பழத்தை அள்ளித் தின்று வந்த மாடு. கொட்டை அதற்குச் சமிக்காது. படுத்திருந்து அசைபோடும்போது வாய்க்கு வருகிற கொட்டையைத் துப்பிவிடும்; அது எதையோ துப்புவதைக் கண்டும் அப்போது நான் யோசிக்கவில்லை. வன்னியில் மாடு மேய்க்கிற எந்தச் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். செம்மண் தோட்டக்காரர் எங்களுக்கு மாடு என்றால் வைக்கோல், புல்லு, குழை. பழம் தின்கிற மாட்டை நாங்கள் எங்கே கண்டோம்? கொட்டிலுக்கு மாற்றிய பிறகு துப்பியதும் போட்டதும் கூட்டிவாரி எருக்குவியலுக்கு வந்திருக்கிறது.

கன்றுகளை ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டுபோய் அண்ணையின் முகத்தில் எறிந்தேன். எருவும் மண்ணும் அவன் கண்ணுக்குள் போனது.

"உன்ரை நாம்பன்தான் அண்ணை அக்காவுக்குப் பழம் குடுத்தது! போ, போய் அதின்ரை காலை முறி!"

என்னை அடிக்கக் கை ஓங்கினவன் கீழே கிடந்த கன்றைப் பார்த்தான். கை அப்படியே நின்றது. குனிந்து கொட்டையை எடுத்து உருட்டினான். மாட்டைப் பார்த்தான். அவன் முகம் செத்தவீட்டு முகமாகிவிட்டது. ஐயா வந்தார். நான் சொல்ல வாய் எடுக்கமுதலே விளங்கிக்கொண்டார். விளங்கியதும் என் வாயில்தான் அறைந்தார்.

"வாயைப் பொத்து. இது இந்த வளவுக்கை கிடக்கட்டும்."

"அப்ப அந்த மனிசன்ரை கால்?" என்றேன்.

"கால் போனது போனதுதான். அதுக்காக உவளின்ரை வாழ்வும் போகவோ? ஏன் அடிச்சதெண்டு சொன்னால் உவளைப் பற்றி நாங்கள் என்ன நினைச்சம் எண்டு ஊர் முழுக்கத் தெரியவரும். நாங்களே நினைச்சதை மற்றவன் நினையானோ?"

அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றாள். அக்கா கழுவின சட்டியோடு கொட்டில் வாசலில் நின்றது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ.

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். கிணற்றடிக்குப் போனாள். கையைக் கழுவப் போகிறாள் என்று நினைத்தேன். பொட்டை அடைத்திருந்த இலந்தைமுள்ளை வெறுங்கையால் பிடித்து இழுத்தாள். முள் கிழித்தது. மறு கையையும் போட்டு இழுத்தாள். பட்டப்பகல். ஒழுங்கையால் சனம் போய்க்கொண்டிருந்தது. "எடியே!" என்று ஐயா கத்தினார். அவள் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

மச்சான் வாங்கில் இருந்தான். இவளைக் கண்டு சால்வையால் காலை மூடினான். அக்கா அவனுக்கு முன்னால் நேராக நின்றாள். அவள் அவ்வளவு உரத்துக் கதைத்து அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"உங்களை ஏன் அடிச்சவை எண்டு சொல்ல வந்தனான். எங்கடை கிணத்தடியிலை பாலைக்கண்டு முளைச்சது. நீங்கள் எனக்குப் பழம் கொண்டுவந்து தாறனீங்கள், நான் திண்டு கொட்டை துப்பினனான் எண்டு நினைச்சவை. துப்பினது எங்கடை மாடு."

அவன் அவளையே பார்த்தான். "இதுக்கோ?" என்றான்.

"ஓம்."

"நான் உமக்கு ஒரு பழமும் தரேல்லையே."

"ஓம். ஒண்டும் தரேல்லை."

அவன் சிரிக்கத் தொடங்கினான். அந்தச் சிரிப்பு அழுகையாக மாற அதிக நேரம் எடுக்கவில்லை. அவனுடைய தாய், எங்களுக்கு மாமி, உள்ளே இருந்து வந்து அக்காவின் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். "என்ரை பிள்ளையை நொண்டியாக்கிப் போட்டு இப்ப கதை சொல்ல வந்தனியோ? கட்டையிலை போவாளே!" அக்கா கையைத் தூக்கவில்லை. மாமி மூன்றாவதற்கு ஓங்கிய இடத்தில்தான் அக்காவின் கைகளைக் கண்டிருக்கவேண்டும். முள் கிழித்து முழங்கைவரை இரத்தம் வழிந்து சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. காப்பில்லாத கை. மாமி ஒழுங்கைப் பக்கம் திரும்பினாள். வேலிக்கு மேலால் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இனி ஆரடி உன்னைக் கட்டுவான்?" என்றாள்.

"தெரியும் மாமி."

"தெரிஞ்சுகொண்டோ வந்தனீ?"

"ஓம்."

மாமி ஓங்கிய கையால் அவளுடைய தோளைப் பிடித்தாள். "உள்ளுக்கை வா. முதல் கையைக் கழுவு" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அப்போது அண்ணை பொட்டுக்குள்ளால் வந்தான். கையில் கத்தி. ஐயா பின்னால் நின்று, அவளை இழுத்துக்கொண்டு வா, இல்லாட்டில் வெட்டிப்போட்டு வா என்று கத்திக்கொண்டிருந்தார். மச்சான் தடியை ஊன்றி எழும்பினான். கோணல் காலை இழுத்து இழுத்து வந்து வீட்டு வாசலில் குறுக்கே நின்றான்.

"வாடா. அண்டைக்குக் காரணம் இல்லாமல் அடிச்சனீ. இப்ப காரணம் இருக்கு. இப்ப அடியடா."

அண்ணை நின்றான். ஐயா இன்னும் கத்தினார். அண்ணை திரும்பி, குனிந்து, வந்த வழியே எங்கள் வளவுக்கு வந்து கிணற்றுக்கட்டில் இருந்தான். கத்தியை அவன் கையிலிருந்து நான்தான் எடுத்தேன்.

பொழுதுபட முன்னமே அம்மா அக்காவின் சேலைகளை மடித்து, கலியாணத்துக்கென்று வாங்கியதையும் சேர்த்து, ஒரு பெட்டியில் அடுக்கினாள். ஐயா கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அடியுங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா அவரைத் தாண்டிப் போனாள். பொட்டுக்குள்ளால் பெட்டியை நீட்டினாள். அந்தப் பக்கம் மாமி நின்றாள். கஞ்சி ஊற்றிய அம்மாவின் கையை ஒருதரம் பார்த்தாள். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டாள்.